விலக்கில் திரும்பிய பஸ்

சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீடு, கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் கிளை ரோடு பிரியும் ஒரு விலக்கில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஊரில். டவுன் பஸ் ஊருக்குள் வந்துதான் திரும்ப வேண்டும். ஆனால் ரொம்ப வருஷமாக அது விலக்கிலேயே திரும்பிவிடும். இளம்பிள்ளைவாதம் வந்த காலை இழுத்துக்கொண்டு நான் நடந்த நடை எனக்கும் அந்த ரோட்டுக்கும்தான் தெரியும்.

போன வருஷம் பஸ்ஸில் ஜிபிஎஸ் பெட்டி மாட்டினார்கள். பஸ் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று டிப்போவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நம் போனிலும் பார்க்கலாம். நாங்கள் தொண்டை வற்றக் கேட்டும் நடக்காததை, உள்ளங்கை அளவுப் பெட்டி வாயைத் திறக்காமல் நடத்திக் காட்டியது. முதல் நாள் காலை வீட்டிலிருந்தே போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி விலக்கைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பியது. அழுதுவிட்டேன். அதில் என்ன வெட்கம்?

பஸ்ஸில் ஏறியது நான் ஒருத்திதான். விலக்குக்கு வந்தால் மொத்த ஊரும் அங்கே நிற்கிறது! காலி பஸ் தங்களைத் தாண்டி உள்ளே போவதை வேடிக்கை பார்த்துவிட்டு, அது திரும்பி வரும்வரை காத்திருக்கிறார்கள். இந்தக் கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

கண்டக்டர்தான் சொன்னார். "யக்கா, எந்த ஸ்டாப்புல எத்தன டிக்கெட்டுன்னு மிஷினே சொல்லிரும். உங்க ஊர்ல ஒத்த டிக்கெட்டு. இப்படியே போனா உள்ள வாரத நிறுத்திருவாங்க."

அன்று சாயங்காலம் விலக்கிலேயே இறங்கி, டீக்கடையில் இருந்த எங்கள் ஊர் ஆட்களைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"நல்ல காலு இருக்கவங்க நடந்து வாரிய. எனக்கு வார பஸ்ஸயும் சேத்துல்லா நிறுத்தப் போறிய!"

"இன்னைக்கு வருது. நாளைக்கு வரலன்னா? அங்கன நின்னுட்டு வேலைய விடவா?" என்றார் கொத்தனார் அண்ணாச்சி ஒருவர்.

போனை அவர் முன்னால் வைத்தேன். "இந்தா பாருங்க, அடுத்த பஸ்ஸு பாலத்தத் தாண்டிட்டு. இப்ப வளைவுக்கு வருது." சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் ஹாரன் கேட்டது. அண்ணாச்சி போனையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, நெசமாவே சொல்லுதே! என் போன்லயும் இத ஏத்திக் குடு."

மறுநாள் காலை புள்ளியைப் பார்த்து நிதானமாகக் கிளம்பினேன். எங்கள் ஊர் ஸ்டாப்பில் கொத்தனார், சித்தாள்கள், பூக்கூடைக்காரர்கள் என்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். பஸ் வந்ததும் எல்லாரும் முண்டியடித்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இடமில்லை.

அண்ணாச்சி அவசரமாக எழுந்தார். "இங்கன இரு தாயி."

"நீங்க இருங்க அண்ணாச்சி. இன்னைக்கு ஒருநா நின்னுக்கிடுதேன்."

கால் வலிக்கத்தான் செய்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெயர் போட்ட டிக்கெட்டுகள் மிஷினிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்தபடியே நின்றேன்.