பெட்ரோல் மூடிக்கு வைத்த பொட்டு

பூமிநாதனுக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். ஒக்கூரில் பிறந்து, மதுரையில் லாரி கிளீனராகக் கிரீஸில் புரண்டு, லைசென்ஸ் எடுத்து, காரைக்குடி உடையப்ப செட்டியார் வீட்டு ஆஸ்டின் காருக்கு டிரைவராக வந்து சேர்ந்தவர். அறுபதுகளில் அந்தத் தெருவில் கார் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் வெள்ளி தவறாமல் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்ட கார் அது ஒன்றுதான்.

ஸ்டீயரிங்குக்கும் விளக்குகளுக்கும் சின்னப் பொட்டு. பின்பக்கம் இருந்த பெட்ரோல் மூடிக்கு மட்டும் சந்தனக் காப்பே நடக்கும். "வட்டமா நெத்தி மாதிரியே இருக்குல்ல?" என்பார். வைத்த பொட்டை வழிக்கக் கூடாது என்பது அவராக வகுத்துக்கொண்ட சாஸ்திரம். போன வாரச் சந்தனத்தின் மேல் இந்த வாரச் சந்தனம் ஏறி, மூடி தோசைக்கல் கனத்துக்கு வந்துவிட்டது. வண்டி இருமுகிறது என்று சொன்ன பால்காரரோடு அவர் பேச்சையே நிறுத்திக்கொண்டார். தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மனுசன் இப்படித் தவிக்கவில்லை என்று அவர் மனைவி சிட்டாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த வண்டிக்கும் ஒரு குணக்கேடு வந்தது. ஊருக்குள் சமர்த்தாக ஓடும். வெளியூர் கிளம்பினால், அமராவதிபுதூரைத் தாண்டிச் சாலையோரம் இருக்கும் ஐயனார் கோயில் பக்கத்தில் முக்கி முனகி நின்றுவிடும். பூமிநாதன் இறங்கி, பெட்ரோல் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பெட்ரோல் இருக்கும். மூடியைத் திருகிவிட்டு ஐயனாருக்குச் சூடம் காட்டி வந்து கிளப்பினால் வண்டி ஓடும். மெக்கானிக் கார்பரேட்டரைப் பிரித்துப் பார்த்தார், பம்பை மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. சூடம் மட்டும் பலித்தது.

"ஐயனாருக்கு நம்ம மேல என்ன கோவம், பூமி?" என்று செட்டியார் கேட்டார்.

"கோவமில்லைங்கய்யா, பிரியம். பாக்காமப் போறீகளேன்னு நிறுத்துறாரு."

அந்தப் பிரியத்தால் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் செட்டியார் போய்ச் சேர முடிந்தது. சொந்தத் தங்கை மகள் கல்யாணம். திரும்பி வந்தவர், வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

பூமிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வேலை கிடைக்கும். அந்த வண்டி கிடைக்காது. வேறொருவன் அதன் கியரைக் கரகரவென்று போடுவதை நினைத்து அவர் தன் காதைப் பொத்திக்கொண்டார்.

வாங்க வந்தவர், மலேயாவில் ஜவுளிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பிய அசன் முகம்மது. காளையார்கோவில் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பாய் ஏறப்போகும் வண்டியில் நம் பொட்டு எதற்கு என்று பூமிநாதன் முதல் நாளே புளி போட்டு மூடியைத் தேய்த்தார். சந்தனப் பொருக்கு உதிர்ந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. அதில் அடைத்திருந்ததையும் ஊசியால் நோண்டி எடுத்தார். சுத்தம் என்றால் அவருக்குச் சுத்தம்தான்.

மறுநாள் ஐயனார் கோயில் நெருங்கியது. 'சாமி, இன்னைக்கு ஒரு தடவை மட்டும் நிறுத்திரு, பாய் வேண்டாம்னு போயிருவாரு' என்று மனமுருக வேண்டிக்கொண்டார். வண்டி நிற்காமல் காளையார்கோவிலுக்கே போய்விட்டது.

அங்கே பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்தார். 'புஸ்' வரவில்லை. துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்றுப் போக எதிரே இன்னொன்று போட வேண்டும் என்பது அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டாங்கிக்குள் காற்றுப் போகும் வழியைத்தான் அவர் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனத்தால் அடைத்திருக்கிறார். ஐயனார் கோயில் வருவதற்குள் வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது; அதைக் கிளப்பியது சூடமில்லை, அவர் திறந்த மூடி.

"வண்டி தங்கம், டிரைவரே! நீங்களும் எங்கிட்டயே வந்துருங்களேன்" என்றார் அசன் முகம்மது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டியும் தங்கும், மானமும் தங்கும். ஆனால் நல்ல வண்டியைக் கெட்ட வண்டி என்று நினைத்துச் செட்டியார் விற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க, தின்ற உப்பு விடவில்லை. திரும்பியதும் பாயை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

செட்டியார் முகம் சிவந்தது. "அப்ப இத்தனை நாளா நிறுத்துனது சாமி இல்ல, நீயி!" என்றவர், பாயிடம் திரும்பி, "கோவிச்சுக்கிறாதீக, வண்டிய விக்கல" என்றார். அப்புறம் பூமிநாதனிடம், "சாவிய வச்சிட்டுக் கெளம்பு."

பூமிநாதன் சாவியை மேசைமேல் வைத்தார்.

கதவோரம் நின்றிருந்த செட்டியாரின் மனைவி சாலா ஆச்சி முன்னால் வந்தார்.

"அவரை அனுப்புறதுன்னா என்னையும் எங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருங்க. சந்தனம் அரைச்சுக் குடுத்தது நான்தேன். மூடிக்கு இன்னுங் கொஞ்சம் அப்புங்கன்னு சொன்னதும் நான்தேன்."

பாய் சிரிப்பை அடக்க முடியாமல் விட்டத்தைப் பார்த்தார். செட்டியார் ஆச்சியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், சாவியை ஒற்றை விரலால் பூமிநாதன் பக்கம் தள்ளினார்.

"ஆச்சிய ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விடுறதுக்கும் வண்டி ஓட்ட ஆளு வேணும்ல? எடு சாவிய."