செல்லக் கோபம் அல்ல

எங்கள் பள்ளி நூலகத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு அலமாரி இருந்தது. அதிலிருந்த ஒவ்வொரு கதையிலும் ஒரு கோபக்காரி வருவாள். மூன்றாம் அத்தியாயத்தில் எதையாவது போட்டு உடைப்பாள். அடுத்து அவளுக்குக் காய்ச்சல் வரும், அல்லது மாடிப்படியில் கால் தவறும். படுக்கையை விட்டு எழும்போது கோபம் போயிருக்கும். கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு பரிமாறுவாள். எதற்காகக் கோபப்பட்டாள் என்பது அதற்குள் எழுதியவருக்கே மறந்திருக்கும்.

அவளுடைய அண்ணன் கோபப்பட்டால் வெறும் கோபம். அவள் கோபத்துக்கு மட்டும் முன்னால் ஒரு சொல் ஒட்டியிருக்கும்: பொய்க் கோபம், செல்லக் கோபம். நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொய் என்று தலைப்பிலேயே எழுதிய மனுமீது யாரும் நடவடிக்கை எடுப்பதில்லை.

சென்ற குற்றாலச் சீசனில், அருவிக்குப் பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையில் நான் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒருவர் வந்து, பிரிட்ஜ் வைக்கும் இடத்தைச் சாண் போட்டு அளந்தார்.

"ஆச்சி, எப்பம் காலி பண்ணுதீய? நீங்க சென்னைக்குப் போறீயன்னு உங்க மவன் சொன்னாரே."

எனக்கு அது புதுச் செய்தி. ஆக்கிரமிப்பாளருக்குக்கூட முதலில் நோட்டீஸ், பிறகு விளக்கம் கேட்பது, அப்புறம்தான் வெளியேற்றம்.

அந்த வாரமே மகனும் மருமகளும் குற்றாலத்தில் குளிக்க வந்தார்கள். என்னைக் கேட்காமல் வீட்டை வாடகைக்குப் பேசியது தப்பு, நான் எங்கும் வரமாட்டேன் என்றேன்.

"பாத்தியா, மூக்கு செவந்துட்டு," என்றான் மகன் மனைவியிடம். "எம்மா, செல்லக் கோவத்த அருவில போயி காட்டலாம். வண்டில ஏறு."

"கோவத்துலயும் அத்தை அழகுதான்," என்று மருமகள் போனில் படம் எடுத்தாள்.

நான் ஏறவில்லை. மாலையில் ஈரத்தலையோடு திரும்பினார்கள். மகன் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினான். நான் வாங்கவில்லை. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"எம்மா... நெசமாவே கோவமா?"

"ஆமா."

வாசலுக்குப் போய்ப் போனில் பேசினான். "வீடு இல்ல அண்ணாச்சி. தப்பா நெனைக்காதீங்க." இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். 'வந்து சேந்தாச்சு' என்று ஒரு மெசேஜ் வந்தது. அதன்பிறகு எதுவும் வரவில்லை.

இந்த வருடமும் சாரல் விழுகிறது. அவன் கார் வரவில்லை. கதைப்படி எனக்கு இந்நேரம் காய்ச்சல் கண்டிருக்க வேண்டும், அவன் ஓடி வந்திருக்க வேண்டும். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.