கத்தி வைக்கக் கூடாத கட்டி

என் கணவரின் வலது கால் போனதற்குக் காரணமானவன் டாக்டர் இல்லை. மருந்துக் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, கடத்தூர் போகும் சாலையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டவன். சுற்றுவட்டாரம் முழுக்க அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. என் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

தக்காளித் தோட்டத்தில் களை எடுக்கும் மெஷின் ஓட்டும்போது துண்டுக் கம்பி ஒன்று தெறித்து, அவர் தொடையின் உட்பக்கத்தில் குத்தியது. சின்னக் காயம். தையல் போட்டார்கள், ஆறியது. சில வாரம் கழித்து அந்தத் தழும்புக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது.

“இங்க கை வெச்சுப் பாரு. திக்குதிக்குன்னு அடிக்குது” என்றார். எனக்கும் தெரிந்தது. சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. தர்மபுரிக்குப் போய்க் காட்டலாம் என்று பேசி வைத்திருந்தோம். அதற்குள் வலி தாங்க முடியவில்லை. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில் அவர் தனியாக அவனிடம் போய்விட்டார்.

சீழ்க்கட்டி என்று சொல்லி அவன் கீறினான். வந்தது சீழ் இல்லை. ரத்தம் எதிர்ச் சுவரில் போய் அடித்தது என்று அவர் பிறகு சொன்னார். அவன் துணியைத் திணித்து, தொடையைச் சுற்றிக் கயிறு போல இறுக்கிக் கட்டி, உள் அறையில் படுக்க வைத்தான். வெளியே காத்திருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கால் மரத்துப்போகிறது என்று இவர் கத்தியபோதெல்லாம் ஒரே பதில்தான்: “ஒண்ணும் ஆவாது, படுங்க.” பாதம் நீலமாகிச் சில்லிட்ட பிறகுதான் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினான். ஆஸ்பத்திரிக்கு அல்ல, வீட்டுக்கு. பள்ளியிலிருந்து வந்த நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆபரேஷன் செய்த பெண் மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. படுக்கை ஓரத்தில் நின்று, என் விரல்களைப் பிடித்து என் கணவரின் நல்ல காலின் கவட்டு மடிப்பில், நடுப்பகுதியில் வைத்து அழுத்தினார். துடிப்பு தெரிந்தது.

“இதுதாம்மா தொடைக்கு வர்ற தமனி. கொஞ்சம் கீழ போனதும் ரெண்டாப் பிரியும். ஒண்ணு உட்பக்கமா எறங்கி முழங்காலுக்குப் பின்னால போயி, கால் பூரா ரத்தம் குடுக்கும். இன்னொண்ணு ஆழமாப் போயி தொடைத் தசைக்கெல்லாம் கிளை விடும். கம்பி குத்துனதுல இவருக்கு முதல் குழாய் லேசா ஓட்டையாகி, ரத்தம் வெளிய தேங்கி வீங்கிருக்கு. துடிக்கிற கட்டியில கத்தியே வைக்கக் கூடாது.”

“கால் போனது கீறுனதாலயா டாக்டர்?”

அவர் என் விரல்களை விட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடினார்.

“அப்பவே கையால அழுத்திப் புடிச்சு இங்க அனுப்பியிருந்தா, காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து ஒட்டுப் போட்டிருப்போம். கால் இருந்திருக்கும். அவ்வளவு நேரம் இறுக்கிக் கட்டி வெச்சதால கீழ எல்லாம் செத்துப்போச்சு. அந்த ஆழமான கிளை நல்லா இருந்ததாலதான் முழங்காலுக்கு மேல எடுத்த இடம் ஆறுது. அது இல்லன்னா இடுப்பு வரைக்கும் போயிருக்கணும்.”

தவறாகக் கீறியதைக்கூட நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பகல் முழுக்க ஒரு மனிதனை உள் அறையில் ஒளித்து வைத்தானே, அதை மன்னிக்க முடியவில்லை. அவனைச் சும்மா விடக் கூடாது என்று அந்த வார்டிலேயே முடிவு செய்தேன்.

போலீஸ் போவதற்குள் அறையைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டான். தேடுகிறோம் என்றார்கள். தேடியதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் ஒரு மாணவியின் அம்மா, நல்லம்பள்ளிப் பக்கம் கைராசியான டாக்டர் ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார். பேச்சுக்குப் பேச்சு ‘ஒண்ணும் ஆவாது’ என்பாராம்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். அவனேதான். முன்பு ஒருமுறை காய்ச்சலுக்கு அவனிடம் ஊசி போட்டிருந்தேன். இப்போது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கைப்பையில் போன் பதிவாகிக்கொண்டிருந்தது.

“வூட்டுக்காரருக்குத் தொடையில கட்டிங்க. திக்குதிக்குன்னு துடிக்குதுங்க.”

“சீழ் கோத்திருக்கும். கூட்டியாங்க, கீறி வுட்டாச் சரியாப் போயிடும்.”

அதே வார்த்தை. ஒரு காலை வாங்கியும் அவன் எதையும் கற்றுக்கொண்டிருக்கவில்லை. மேசை மேலிருந்த கத்தரிக்கோலை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. “நாளைக்கிக் கூட்டியாறேங்க” என்று சொல்லி எழுந்து வந்தேன்.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, பதிவைப் போட்டுக் காட்டினேன். சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் அதை இரண்டு தடவை கேட்டார். அடுத்த நாளே போலீசோடு வருவதாகச் சொன்னார்.

என் கணவருக்கு விருப்பமில்லை. “போன காலு திரும்பியா வரப்போவுது? வுடு.”

“உங்களுக்காக வேணாம். எனக்காக வாங்க” என்றேன்.

கட்டைக்கால் வேண்டாம், ஊன்றுகோலோடு வாருங்கள் என்று சொன்னதும் நான்தான். அவன் பார்க்க வேண்டும். அவர் உள்ளே நுழைந்ததும் நான் முகக்கவசத்தைக் கழற்றினேன்.

“கூட்டியாரச் சொன்னீங்களே, வந்துட்டாருங்க. கட்டி இல்ல. காலே இல்ல.”

அவன் பின்வாசல் பக்கம் திரும்பினான். அங்கே போலீஸ்காரர் நின்றிருந்தார். அதிகாரி பீரோவைத் திறந்து மருந்துகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் அவன் எதிரில் போய் நின்றேன்.

“உங்க தொடையில ரத்தக்குழாய் எங்க துடிக்குது? தொட்டுக் காட்டுங்க.”

அவன் அதிகாரியைப் பார்த்தான். அவரும் கை வேலையை நிறுத்திவிட்டு, “காட்டுய்யா” என்றார். அவன் விரல்கள் தொடையின் வெளிப்பக்கத்தில், பேன்ட் பாக்கெட்டுக்குக் கீழே தடவித் தடவி அலைந்தன. வாசலில் நின்ற நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை அலைந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா, தெரியவில்லை.

பிறகு அவன் கும்பிட்டான். “டீச்சர், எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க.”

“இருக்கட்டும். அதுங்க வந்து ஜெயில்ல பாக்கட்டும்.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

வழக்கு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுப் போய், அவன் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் மருத்துவர் வந்து சாட்சி சொன்னார். தண்டனை கிடைத்தது, நான் ஆசைப்பட்டதைவிடக் குறைவு.

வெளியே வந்தவன் இப்போது ஒரு சிறிய பாத்திரக் கடை வைத்திருக்கிறான். கேள்விப்பட்டதும் போனேன். உள் அறைவரை எட்டிப் பார்த்தேன்; ஊசியோ மருந்தோ இல்லை, எவர்சில்வர் அண்டாக்கள்தான் இருந்தன. ஒரு கரண்டி கேட்டேன். காசு வேண்டாமென்று எடுத்து நீட்டினான்; எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பள்ளி விடுமுறை நாட்களில் அந்தப் பக்கம் போனால் இன்னும் இறங்கிப் பார்க்கிறேன். என் வீட்டுச் சமையலறையில் கரண்டிகள் நிறையச் சேர்ந்துவிட்டன.