சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தவர்

எடைமேடை ஆபரேட்டருக்குத் தெருவில் 'கிலோ' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. ஜல்லியும் மணலும் ஏற்றிய லாரிகள் ஏறி நிற்கும் பெரிய இரும்புத் தட்டு, அதன் ஓரத்தில் கண்ணாடி போட்ட சிற்றறை, அதற்குள் ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக அவர் அங்கேதான் இருந்தார். லாரியை முதலில் காலியாக எடை போடுவார். லோடு ஏற்றி வந்ததும் மறுபடி போடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதைவிடப் பெரிய உண்மை உலகத்தில் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு வந்ததில்லை. எடை போடும்போது டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் ஜன்னலைத் திறந்து, "கீழ எறங்குப்பா, உன்னை யாரும் விலைக்கு வாங்கல" என்பார்.

டிரைவர் இறங்க மாட்டார். காதில் விழுந்திருக்காது. கிலோவுக்கு ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான குரல். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" என்று சொல்லியும் பாதி நாள் வராதவர் கணக்கில் போனவர் அவர். பெண் பார்த்தபோது சம்மதம் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலத்தில் குரல் கிடைத்தது. பைக்கின் சைலன்சருக்குள்ளே இருந்த குழாய் துருப்பிடித்து உதிர்ந்துபோயிற்று. மற்றவர்கள் மறுநாளே மாற்றியிருப்பார்கள். அவர் ஒருமுறை முறுக்கிப் பார்த்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. மாற்றவில்லை.

பதினோரு வருடம் அந்தச் சத்தம் தெருவை ஆண்டது. முனை வளைவிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியும் டியூஷன் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கைக்குழந்தைக்காரி தொட்டிலைப் பிடித்துக்கொள்வாள். கிலோ இதையெல்லாம் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை. திருத்தினாலும் வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

கதவைத் திறந்தால் வீடு கோயில் மாதிரி இருக்கும். டிவி அணைந்திருக்கும். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கும் பெரிய மகள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். பள்ளியில் படிக்கும் சின்னவள் புத்தகத்துக்குள் இருப்பாள். மனைவி அடுப்பைப் பார்த்து நிற்பாள். எடைமேடையில் அவர் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார்: "எங்க வீட்டுல சத்தமே கிடையாது. இத்தனைக்கும் நான் ஒரு நாள் அதட்டினது கிடையாது." இரண்டும் உண்மை. எடை போட்ட உண்மை.

வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டிய வருடம் வந்தது. போக்குவரத்து அலுவலக மைதானத்தில் இன்ஸ்பெக்டர் சைலன்சருக்கு அருகே ஒலி அளக்கும் கருவியை நீட்டினார்.

"சார், இது பைக்கா, இல்ல ஹெலிகாப்டரா?"

கிலோ அதைப் பொருட்படுத்தவில்லை. அவரைப் பிடித்து நிறுத்தியது கருவியில் தெரிந்த எண். "மீட்டர் சரியாக் காட்டுதா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கருவியைத் திருப்பி, போன மாதம் சரிபார்த்து ஒட்டிய சீட்டைக் காட்டினார். அதோடு முடிந்தது. திட்டினால் எதிர்த்து நின்றிருப்பார். சரிபார்த்த கருவி காட்டும் எண்ணை எதிர்த்து நிற்க அவருக்குத் தெரியாது.

மறுநாளே அரை நாள் லீவு போட்டு மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, உங்க வண்டிக்குக் கம்பெனி சைலன்சர் வர்றது நின்னு எட்டு வருஷம் ஆச்சு. வெளிக்கம்பெனி செட் ஒண்ணு இருக்கு, உள்ள பஞ்சு வெச்சது. சத்தத்தை அப்படியே குடிச்சிடும்."

"எவ்வளவு குடிக்கும்?"

"முழுசா குடிக்கும்ணே. நீங்க வாய தொறந்து பேசினாதான் இனி ஊருக்கு உங்களத் தெரியும்."

இன்ஜினில் குழாய் சேரும் இடத்தில் இரண்டு நட்டும் துருவோடு துருவாகப் பிடித்திருந்தன. மெக்கானிக் எண்ணெய் விட்டு ஊறவைத்தார், சூடு காட்டினார், தட்டினார், நட்டின் பரம்பரையையே திட்டினார். ஒன்று கழன்றது, இன்னொன்று ஒடிந்தே வந்தது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதுச் செம்பு வளையம் போட்டார். புதுக் குழாயைச் செருகி, கிளாம்ப் பூட்டி, இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சாவியைக் கொடுத்தார்.

கிலோ ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். உள்ளே பல்லோடு பல் உரசிக் கரகரத்தது.

"அண்ணே! அண்ணே! ஓடிட்டுதான் இருக்கு!"

"எங்க ஓடுது?"

"கையை வெச்சுப் பாருங்க."

டேங்கின் மேல் கையை வைத்தார். மெல்லிய நடுக்கம் இருந்தது. கையை எடுக்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவரை கேட்டிராதவை கேட்டன. செயின் கீச்சிட்டது. டியூஷன் வாத்தியார் வீட்டைக் கடந்தபோது பதினோரு வருடத்தில் முதன்முறையாக வாத்தியாரின் குரல் காதில் விழுந்தது. வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே யாரோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வீட்டு வாசலோ என்று கதவு எண்ணைப் பார்த்தார். அவர் வீட்டு எண்தான். ஜன்னல் பக்கம் போனார்.

நடுக்கூடத்தில் அவர் மனைவி ஸ்டூலின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கரண்டிகள் கைப்பிடி. உதட்டைக் குவித்துத் தடதடவென்று முறுக்கிக்கொண்டே வந்தாள், வளைவில் சாய்ந்தாள், நிறுத்தினாள். இல்லாத ஹெல்மெட்டைக் கழற்றி ஊதித் துடைத்தாள். பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு கூடத்தை ஒருமுறை பார்த்து, நூல் மாதிரி ஒரு குரலில் கேட்டாள்: "இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

பெரியவள் தரையில் கிடந்தாள். சின்னவளுக்கு மூச்சு வரவில்லை. மனைவியும் தாங்க முடியாமல் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது கிலோவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கேள்வியை அவர் கேட்டதுண்டு. கல்யாணமான புதிதில், பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது, நிறைய முறை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொன்னால் தானும் சிரிக்கலாம் என்று கேட்டார். கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும். ஏன் என்று அவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

கதவுச் சாவியைத் திருப்பி உள்ளே போனார். கூடம் அப்படியே உறைந்தது. மனைவி ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"அப்பா... வண்டி எங்கப்பா?" என்றாள் சின்னவள்.

"வெளிய நிக்குது."

"சத்தமே கேக்கலையே?" என்றாள் மனைவி.

"சைலன்சர் மாத்தினேன்."

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றார். அவர் வாழ்க்கையில் கொடுத்த முதல் தப்பு எடை.

அன்றிலிருந்து வீட்டில் சிரிப்பு நின்றது. லாரி வரிசையைப் பொறுத்து அவர் ஐந்து மணிக்கும் வரலாம், எட்டு மணிக்கும் வரலாம். முன்பு தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குத் தகவல் வந்துவிடும். இப்போது அந்த நாற்பது விநாடி இல்லை. எந்த நேரமும் கதவு திறக்கலாம் என்பதால் மூன்று பேரும் சாயங்காலம் முழுவதும் தயாராகவே இருந்தார்கள். கிலோ எட்டு நாள் வெவ்வேறு நேரத்தில் வந்து, கதவுக்கு வெளியே நின்று கேட்டுப் பார்த்தார். எட்டு நாளும் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: அவர் இல்லாத வீடு, அவர் இருக்கும் வீடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தார். வெளியே லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

மெக்கானிக்கிடம் போய்ப் பழைய சைலன்சரைக் கேட்டார்.

"அதை எடைக்குப் போட்டாச்சேண்ணே. ஏன், இது நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கிலோ. "ரொம்ப நல்லா இருக்கு."

மறுநாள் தெருமுனை வளைவில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தார். இரண்டு முறை, நீளமாக. பிறகு மிக மெதுவாக வந்தார். தினமும் அப்படியே செய்தார். ஒரு வாரத்தில் வீட்டுக்குப் பழகிவிட்டது. உள்ளே சிரிப்பு திரும்பிவிட்டதும், அது அவசர அவசரமாகச் சுருட்டி வைக்கப்படுவதும் வாசலுக்கு வரும்போது அவர் காதில் விழுந்தன. போதாதோ என்று இன்னும் மெதுவாக வந்தார். கால்நடையாக வருபவர்கள் அவரை முந்திக்கொண்டு போனார்கள்.

டியூஷன் வாத்தியார் வழி மறித்தார். "ஏன் சார், சைலன்சரை மாத்தி ஊருக்குப் புண்ணியம் செஞ்சீங்கன்னு நினைச்சேன். இப்ப ஹார்ன் அடிச்சு உயிரை வாங்குறீங்களே!"

"வீட்டுல சொல்லணும் சார்."

"என்னத்தைச் சொல்லணும்?"

"வரேன்னு."

வாத்தியாருக்குப் பாதிதான் கேட்டது. புகாரைப் பெரியவளிடம் கொண்டுபோனார். அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "அப்பா, எதுக்குப்பா முனையிலேயே ஹார்ன் அடிக்கிறீங்க? வாத்தியார் கத்துறாரு."

கிலோ தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "முடிச்சுக்க உங்களுக்கு டைம் வேணுமில்ல."

மனைவி கையில் இருந்த கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அவர் பார்த்துவிட்டார் என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கிலோ சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டார்.

மறுநாளும் முனையில் ஹார்ன் அடித்தார். மெதுவாக வந்தார். உள்ளே சத்தம் இல்லை. கதவைத் திறந்தார்.

மனைவி ஸ்டூலில் இருந்தாள். இறங்கவில்லை. கையில் இரண்டு கரண்டிகள். மகள்கள் சுவரோரம் தேர்வு எழுதப்போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்க" என்றாள் மனைவி.

அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் ஆரம்பித்தாள். சரியாக வரவில்லை. தடதடப்பு பாதியில் அறுந்தது. வளைவில் சாயவே மறந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவள் விடவில்லை. நிறுத்தினாள், இறங்கினாள், தோளைக் குறுக்கிக்கொண்டு அவர் சாவி மாட்டும் சுவர் ஆணிவரை நடந்து, இல்லாத சாவியை மாட்டினாள். கேள்வியைக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

கிலோ தொண்டையைச் செருமினார்.

"சாவிய நான் இடது கையால மாட்டுவேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரத்தில் சின்னவளுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட, வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி சாவியை ஆணியிலிருந்து எடுத்து, இடது கைக்கு மாற்றி, மறுபடி மாட்டினாள்.

"சரியா?"

"சரி" என்றார் கிலோ. நால்வருக்கும் கேட்டது.