மாலைக்கு ஒரு முகம்

கம்பத்தில் நானும் சம்சுதீனும் சேர்ந்துதான் ஸ்டுடியோ வைத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் என் பாடு. அவன் 1996இல் சொந்தமாக ஒரு கேமரா வாங்கினான்; அன்றோடு கெட்டது. ஆளை எடுக்கச் சொன்னால் நிழலை எடுப்பான். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய் மூன்று பிலிம் ரோல் தீர்த்துவிட்டு வந்தான். கழுவிப் பார்த்தால் அத்தனையும் பாதங்கள்.

"மூஞ்சி எங்கடா?"

"மூஞ்சி பொய் சொல்லும் சுந்தரு."

பெரிய இவன்! ஆனால் சென்னையில் அவன் படங்களைக் கண்காட்சி வைத்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

2003இல் குறும்படத்தில் இறங்கினான். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பற்றியது. அனுமந்தன்பட்டிக் கூலிக்காரர் சுருளிதான் அதில் முக்கியமான ஆள். ஆறு மாதம் அவர் பின்னாலேயே அலைந்தான். கம்பியைப் பிடித்த கை, வெடித்த குதிகால், முதுகு என்று போட்டோவும் வீடியோவுமாக எடுத்துக் குவித்தான்.

படம் முடியும் முன்னே மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து சுருளி போய்விட்டார்.

எட்டாம் நாள் அவர் மனைவி பவுனு கடைக்கு வந்தார். கருமாதிக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். வீட்டில் ஒன்றுமில்லை, வாக்காளர் அட்டையில் இருந்தது வெறும் கரித்திட்டு.

"ஒங்ககிட்ட நெறைய இருக்குமுல்ல பாய்? ஆறு மாசமா எடுத்தீகளே."

சம்சுதீன் பெட்டியைக் கவிழ்த்தான். நூறு படங்களுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட முகம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். அந்த அம்மாளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக வீடியோ கேசட்டை ஓட்டினான். ஜீப்பில் தொங்கியபடி சுருளி மெல்லத் திரும்பினார். காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது, சிரிக்க ஆரம்பித்தார். பவுனு எழுந்து டிவியருகே போனார்.

அப்போது கேசட்டிலிருந்து சம்சுதீனின் குரல் வந்தது: "சுருளியண்ணே, இங்கன பாக்காதீக! அங்கன திரும்புங்க."

சொன்னபடி சுருளி திரும்பிக்கொண்டார்.

பவுனு அழவில்லை. "ஒரு தடவ பாக்க விட்டிருக்கலாமே பாய்" என்றார்.

டிவியில் நிறுத்தி, அந்தக் காதையும் அரைக் கன்னத்தையும் படமெடுத்து பிரேம் போட்டுக் கொடுத்தோம். கருமாதியில் மாலை போட்டதும் கன்னமும் மறைந்துபோனது. சம்சுதீன் எழுந்துபோய் மாலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டான்.

அதற்கப்புறம், 2010இல் கடையை மூடும்வரை, யாரை எடுத்தாலும் முதலில் நேராக ஒரு முகம் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தன் படத்தைத் தொடங்குவான்.

குறும்படத்தில் அந்தக் குரலை வெட்டச் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

"கெடக்கட்டும் சுந்தரு. நான் சொன்னதுதானே, எல்லாரும் கேக்கட்டும்."