மல்லாட்டை உரிச்ச வெரலு

அன்னிக்கு பாஸ் ஆவலன்னா எம் பேத்திக்கு ஒரு வருசம் போச்சு. விழுப்புரத்துல இன்ஜினியரிங் கடைசி வருசம் படிச்சிக்கினு இருந்தா. அவ பரீச்சைக்கு செஞ்சது ஒரு கையுறை. பொட்டி மாதிரி ஒரு கண்ணாடிய கண்ணுல மாட்டிக்கினா உள்ள மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தெரியும். அத எடுக்கப் போனா, நெசமாவே தொட்டா மாதிரி கையுறை நம்ம வெரல் நுனிய அழுத்தணும். வெளிநாட்டுது வாங்கணும்னா எங்க ஊட்டத்தான் விக்கணுமாம். அதனால இவ பிபி பாக்குற ரப்பர் பைய வெட்டி ஒட்டி, மீன் தொட்டிக்குக் காத்தடிக்கிற மோட்டார வெச்சிட்டா.

போட்டுப் பாக்க ஆளு நானு. என் கை அளவுக்கே தெச்சிருந்தா. திண்டிவனத்து ஊட்ல ஒக்காந்துக்கினு, "தெரியுதா ஆயா?"ம்பா.

"ஈ ஒக்காந்தா மாதிரி கூட இல்லடி."

காத்த ஏத்துவா. "இப்ப?"

"உன் தாத்தன் மொத மொதல்ல கையப் புடிச்சா மாதிரி இருக்குது. அந்தாளு பயந்தாங்கொள்ளி. இன்னும் ஏத்து."

கடைசியா, "ஆங், இதான் மல்லாட்டை"ன்னேன். அதுலயே நிறுத்திட்டா.

பரீச்சைக்கு, போட்டுப் பாத்தவங்களையும் காலேஜுக்குக் கூட்டினு வரச் சொன்னாங்களாம். பஸ்ஸுல, "ஏண்டி, சாரு அந்த மல்லாட்டைய வாயில போட்டுக்கினா இன்னா பண்ணுவ?"ன்னேன். சிரிக்கல.

மார்க் போட மூணு சாருங்க. பெரிய சாரு கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கினு கைய மூடினாரு. மோட்டாரு உர்ருன்னுச்சு.

"ஆ! எம்மா! விடு, விடு!"

பேத்தி பட்டன தட்டுறா, தட்டுறா, காத்து எறங்கல. சாரு கண்ணு தெரியாம கைய ஒதர்றாரு. ஓடிப்போயி டியூப புடுங்கினேன். புஸ்ஸுன்னு போச்சு. அவரு வெரலு வெள்ள வெளேர்னு இருந்துச்சு.

"காத்து அளவு யாருக்கு வெச்ச?"ன்னாரு.

"ஆயாவுக்கு சார். என் கைக்கு லூசா இருந்துச்சு."

என் கைய பொரட்டிப் பாத்தாரு. வெதை மல்லாட்டைய மிஷின்ல போட்டா பருப்பு ஒடஞ்சிடும். அதனால காலம்பூரா கையாலயே உரிச்சவ நானு. கட்டை வெரலு செருப்புத் தோலு கணக்கா இருக்கும், லேசா அழுத்தினா ஒண்ணுமே தெரியாது.

"சார், இன்னும் அழுத்துன்னது நான்தாங்க. மார்க்க என்னுதுல கொறைங்க. நான் நாலாங்கிளாசே பாஸ் பண்ணல."

ரெண்டு சாரு சிரிச்சாங்க. பெரிய சாரு சிரிக்கல. "சாப்பாட்டுக்கு அப்புறம் வரேன். ஆனா அந்தக் கையுறையில நான் கைய உடமாட்டேன்"ன்னு போயிட்டாரு.

பேத்தி எதிர மெடிக்கலுக்கு ஓடினா. குளுக்கோஸ் ஏத்துற டியூப்ல ஒரு சக்கரம் இருக்குமே, உருட்டினா சொட்டு கொறையுமே, அத வாங்கியாந்து காத்து போற டியூப்ல மாட்டினா. சாரு திரும்பி வந்ததும், லூசா இல்லாம இருக்க வெரல்ல துணி சுத்திக்கினு மொதல்ல அவளே கைய உட்டா. சாரு கையுறையப் பாக்கல, அவ மூஞ்சியவே பாத்தாரு. அவ கண்ணு கூட சிமிட்டல.

அப்புறம் அவரு கைய உட்டாரு. இன்னொரு கை சக்கரத்து மேலயே இருந்துச்சு. மெதுவா உருட்டினாரு. வெரலால தேச்சித் தேச்சிப் பாத்தாரு.

"ஓடு தெரியுதே! இத உரிக்க முடியாதா?"

"அதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆவும் சார்."

"அடிப்பாவி! வருசக் கணக்கா சொல்ற?"ன்னு கத்திட்டேன். "அவ கெடக்குறா சார், நீங்க இப்பவே பாஸ் போடுங்க. உரிக்கறதுக்கு நான் இருக்கேன்!"

கண்ணாடிய கழட்டாமலே சிரிச்சாரு. அப்புறம் கழட்டிட்டு கையெழுத்தும் போட்டாரு. வலிக்கிற வெரல நீட்டிக்கினுதான் பேனாவ புடிச்சாரு.