இருபத்து நான்கு வயதுக் குரல்

பதினோரு வருடம் கழித்து மாட்டுங்காவிலிருந்து எங்கள் பழைய பேண்டின் கிதார்க்காரன் ஃபோன் செய்தபோது நான் நவி மும்பையில், ஐரோலி ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவது முறை வெளியே வந்து எடுத்தேன். நலம்கூட விசாரிக்காமல், "பாதியில விட்ட ரெக்கார்டை முடிச்சுடலாமா?" என்றான். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். அவன் கிதார். தாராவியில் எங்கள் அடுத்த சந்தில் தகரப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கம்ப்யூட்டரும் தாளமும். நான் பாட்டு. எங்களுடையது இண்டஸ்ட்ரியல் ராக். தகரத்தை அடித்து வளைக்கும் பவர் பிரஸ் இறங்குகிற சத்தம், கிரைண்டர் தகரத்தைத் தின்கிற சத்தம் எல்லாவற்றையும் அண்ணன் பதிவு செய்து, வெட்டித் தாளமாக்குவார். அதன்மேல் கிதார் கரகரக்கும். அதற்கும் மேலே நான் தமிழும் பம்பாய் இந்தியுமாகத் தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு ரெக்கார்ட் போட்டோம். கொஞ்சம் பேர் வெறியாகக் கேட்டார்கள். இரண்டாவதில் பாதி முடிந்திருந்தபோது, "வீட்ல மாப்பிள்ளை பாக்காங்க, இனிமே வரமுடியாது" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு நின்றுவிட்டேன்.

அது பொய். என் கழுத்தில் ஒரு தைராய்டு கட்டி இருந்தது. ஆபரேஷனில் கட்டி போனது, கூடவே குரலும் போனது. பேசினால் கம்மலாக வந்தது. கத்த வாயைத் திறந்தால் வெறும் காற்று. இதைச் சொல்லி அவர்கள் பரிதாபப்படுவதைவிட, கல்யாண ஆசையில் ஓடிப்போனவள் என்று திட்டுவது தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது. கல்யாணம் அடுத்த வருடம்தான் நடந்தது. நெருளுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை செம்பூரில் வாடகைக்கு எடுத்த ரெக்கார்டிங் அறைக்குப் போனேன். பழைய பாட்டை ஓடவிட்டார்கள். நான் கத்த வேண்டிய இடம் வந்தது. கத்தினேன். ஓர் உடைந்த சத்தம் வந்து பாதியில் நின்றது. அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

"என்னாச்சு பிள்ள, சளியா?"

துப்பட்டாவை விலக்கித் தழும்பைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிதார்க்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்குத்தான் கோபம் வந்தது.

"பதினோரு வருசமா உன்னைய ஏசிக்கிட்டுல்லா கெடந்தோம். ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பிய?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்கு வந்திருப்போம்."

அன்று வேலை நடக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து கிதார்க்காரன் எனக்கு ஒரு பாட்டு அனுப்பினான். பாட முடியாவிட்டாலும் எழுதலாமே என்று நான் புதிதாக எழுதிக் கொடுத்திருந்த வரிகள். பாடியது நான், இருபத்து நான்கு வயது நான். எங்கள் பழைய பதிவுகளை எல்லாம் ஏதோ ஒரு ஏஐ மென்பொருளில் போட்டு என் குரலைச் செய்திருந்தான். போன வாரம் எழுதிய சொற்களை அந்தப் பெண் கூசாமல் கத்தினாள். 'ழ' மட்டும் கொஞ்சம் வழுக்கியது. அப்போதும் எனக்கு அது வழுக்கும்.

"அரே தோஸ்த், கேட்டியா? யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றான் ஃபோனில்.

எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. ரயிலில் கேட்டேன், ஆபீஸ் கேன்டீனில் கேட்டேன், சமைக்கும்போது கேட்டேன். ஒரு நாள் ஐரோலியில் இறங்க மறந்து தாணே வரை போய்விட்டேன். அவளிடம் பொறாமையாக இருந்தது. அவளையே பாடவிட்டால் என் வேலை முடிந்தது என்று நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியிலும் உட்கார முடியவில்லை. ஒரே அலமாரியை இரண்டு தரம் அடுக்கினேன்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்து சண்டை வந்தது. "அப்பம் எனக்குப் பதிலாவும் ஒரு மெஷின வச்சுக்கிடுங்க. நான் கடையப் பாக்கப் போறேன்" என்றார். பட்டறைச் சத்தத்தை வெட்டி ஒட்டுகிறவர் இப்படிச் சொல்லலாமா என்று கிதார்க்காரன் கேட்டான். "பிரஸ்ஸு என்கிட்ட பொய் சொல்லலடே" என்றார் அவர். நான் கிதார்க்காரன் பக்கம்தான் பேசினேன். என் குரல்தானே, எனக்கே சம்மதம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குளித்துவிட்டு வந்த என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே நின்று கேட்டார்.

"யாரு இந்தப் பிள்ள? கொல்லுதாளே."

"நான்தான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். "நெசமாவா? உன் சத்தம் இப்படி இருக்காதே."

அவர் என்னைப் பெண் பார்க்க வந்தது ஆபரேஷனுக்குப் பிறகு. என் கம்மல் குரல் ஒன்றைத்தான் அவர் பத்து வருடமாகக் கேட்டிருக்கிறார். ஸ்பீக்கரை அணைத்தேன். பிறகு சற்று வெட்கத்தோடு கேட்டார்: "இப்பம் பாடுனா எப்படி இருக்கும்?"

வீட்டில் யார் எதிரிலும் நான் பாடியதில்லை. அதே பாட்டை அவர் முன்னால், கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கீழ் ஸ்தாயியில் பாடினேன். குரல் இரண்டு இடத்தில் அறுந்தது. அவர் பாராட்டவில்லை. "பயமா இருக்கு" என்றார். போய்ச் சட்டை மாட்டிக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தக் குரலிலேயே நானே பாடுகிறேன் என்று மறுநாளே கிதார்க்காரனிடம் சொன்னேன். அவன் ஒரு மணி நேரம் வாதாடினான். எல்லாப் பாட்டையும் மூன்று சுருதி இறக்க வேண்டும், கிதாரை மறுபடி வாசிக்க வேண்டும், இதெல்லாம் யார் செய்வது என்றான். கடைசியில் அவனேதான் செய்தான், இரண்டு வாரம் என்னோடு பேசாமல். அண்ணன் திரும்பி வந்து எனக்காகத் தாளத்தின் வேகத்தைக் குறைத்தார். மெதுவாக விழுந்த பிரஸ் இன்னும் கனமாக விழுந்தது. குரல் அறுந்த இடங்களை வெட்ட வேண்டாம் என்று அவனே சொன்னபோது எங்களுக்குள் சமாதானமாயிற்று.

ரெக்கார்ட் இணையத்தில் வெளியான அன்று நான் ஆபீஸில் இருந்தேன். மேஜைக்கடியில் ஃபோனை வைத்துக் கமெண்ட்டுகளைப் படித்தேன். நல்லதாகவும் எழுதியிருந்தார்கள். ஒருவர், "பழைய பாடகி எங்கே? இந்தம்மாவை ஏன் கொண்டுவந்தார்கள்?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இருபது பேர் ஆமோதித்திருந்தார்கள். பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். முகம் சூடாகிவிட்டது. சிரிப்பும் வந்தது.

கடைசியில் எதுவும் அனுப்பவில்லை. மாலை வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ரெக்கார்டில் நாலாவது பாட்டின் இரண்டாம் வரியை அவசரப்பட்டுத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் அரை மூச்சு பொறுத்திருக்க வேண்டும். துர்பே ஸ்டேஷன் தாண்டும்வரை அதையே வாய்க்குள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.